அப்பவே சொன்னவரும் கரை இறங்கிய டிராக்டரும்

நடக்கப்போவதை முன்னால் சொல்கிறவருக்கு ஜோசியர் என்று பெயர். அவருக்கு வெற்றிலைபாக்கு வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு, சொன்னது பலிக்காவிட்டால் வீடு தேடிப் போய்ச் சண்டை போடுகிறவர்களும் உண்டு. ஆனால் நடந்து முடிந்த ஒன்றை, அது நடப்பதற்கு முன்பே தாம் சொல்லிவிட்டதாக, நடந்த பிறகு வந்து சொல்கிறவர் ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு இதுவரை யாரும் ஒரு பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாவிட்டால் என்ன, ஆள் இருக்கிறார். சின்ன ஊர் என்றால் ஊருக்கு ஒருவர், பெரிய ஊர் என்றால் தெருவுக்கு ஒருவர். கலியாண வீட்டில் சாம்பார் பற்றாமல் போய், பாதிப் பந்தி வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, சமையற்கட்டு வாசலில் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார், பார்த்திருக்கிறீர்களா? அவர்தான். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுக் கீரனூர்க் கடைத்தெருவில் நீங்கள் மூட்டை முடிச்சுகளோடு விழிக்கும்போது, எதிர்க் கடையிலிருந்து நிதானமாக எழுந்து வந்து தோளைத் தொடுவாரே, அவரேதான். உதவி செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார்.

நல்ல காரியங்களில் இவரைப் பார்க்க முடியாது. உங்கள் பிள்ளை பாஸ் செய்தால் இவருக்கு அன்று வேறு வேலை இருக்கும். பெயிலாகிவிட்டால் உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும். வைக்கோற்போர் தீப்பிடித்தால் ஊரே குடத்தோடு ஓடும். இவரும் ஓடுவார், வெறுங்கையோடு ஓடுவார். கையில் குடம் இருந்தால் வாய்க்கு வேலை குறைந்துவிடும் அல்லவா?

அப்படியானால் இவர் முன்கூட்டி எதுவுமே சொல்வதில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். அபாண்டம். சொல்கிறார். நிறையவே சொல்கிறார். தொழில் நுணுக்கமே அங்கேதான் இருக்கிறது. கிணறு வெட்டப் போகிறவனைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த இடத்துல பாறைதான் இருக்கு, வெட்டாதே" என்பார். பிறகு அவன் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த இடத்துல வெட்டினா ஊத்து பீச்சும், அவனை விடாம வெட்டச் சொல்லு" என்பார். பாறை வந்தால் ஒருவன் சாட்சி, தண்ணீர் வந்தால் மற்றவன் சாட்சி. இரண்டு சாட்சிகளையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்க விடக் கூடாது. அவ்வளவுதான் இந்த வித்தையில் உள்ள ஒரே ஆபத்து.

இந்த இனத்தின் அருமையான மாதிரி ஒன்று, ஆவூருக்கும் கீரனூருக்கும் நடுவே ஒரு சிற்றூரில் அறுபத்தொன்றாம் வருஷம் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. பெயர் சவரிநாதன். வயது ஐம்பத்திரண்டு. நாலு ஏக்கர் நிலத்தை, விளைச்சலில் பங்கு பேசி, வாரத்துக்கு விட்டுவிட்டுச் சுத்தமான வெள்ளை வேட்டியில் நடமாடிக்கொண்டிருந்தவர். பொல்லாத மனிதர் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறமாட்டார், யார் சொத்துக்கும் ஆசைப்படமாட்டார். அவர் மனைவி சூசைமேரி மட்டும், குழம்பை அடுப்பிலிருந்து இறக்கியதும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், "உப்பு கூடிப்போச்சு, நீங்க அப்பவே சொன்னீங்க, சாப்பிடுங்க" என்று தானே சொல்லிவிடும் பழக்கத்துக்கு வந்திருந்தாள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வருஷம் ஆடிப் பிறப்புக்கு முன்பே நல்ல மழை ஒன்று பெய்தது. மானாவாரிப் பூமியில் கடலை போடுகிறவர்களுக்கு இப்படி ஒரு மழை விழுந்தால், ஈரம் நாலு நாள் நிற்கும், ஐந்தாம் நாள் மண் இறுகிவிடும். அதற்குள் உழுதவன் உழுதான், விதைத்தவன் விதைத்தான். இந்த மழையின் மறுநாள்தான் இன்னாசியம்மாளின் டிராக்டர், அவள் கொல்லை நடுவிலேயே நின்றுபோயிற்று.

இன்னாசியம்மாள் விதவை. புருஷன் இரண்டு ஜோடி மாட்டையும் விற்று, தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து கைமாறி வந்த ஒரு பழைய டிராக்டரை வாங்கிப்போட்டுவிட்டு, அதை முழுசாக ஒரு வருஷம் ஓட்டிப் பார்ப்பதற்குள் காய்ச்சலில் செத்துப்போனான். மிச்சம் இருந்தது ஆறு ஏக்கர், இரண்டு பெண்கள், இந்த டிராக்டர். நாகராசு என்கிற டிரைவரை வைத்துத் தன் நிலத்தையும் உழுது, அக்கம்பக்கத்து நிலங்களையும் வாடகைக்கு உழுது, அவள் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள். டிராக்டர் நின்றதும் நாகராசு முன்னால் போய், எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தது. கைப்பிடி திருப்பி அடித்ததில் அவன் மணிக்கட்டு ஒடிந்தது. ஆக, வண்டியும் போச்சு, வண்டி ஓட்டுகிறவன் கையும் போச்சு.

சவரிநாதன் வராமல் இருப்பாரா? கொல்லைக்கு நடந்தே வந்தார். மூங்கில் பட்டை வைத்துக் கட்டுப் போட்டிருந்த நாகராசுவையும், சேற்றில் நின்ற டிராக்டரையும், வரப்பில் உட்கார்ந்திருந்த இன்னாசியம்மாளையும் வரிசையாகப் பார்த்தார். "இரும்பைப் போயி வாங்குறியேன்னு ஒன் வீட்டுக்காரன்கிட்ட நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவனிடம் அப்படித்தான் சொன்னார். அவன் தம்பியிடம், "இனிமே மாட்டைக் கட்டி அழுகுறவன் முட்டாளு, வாங்கச் சொல்லு" என்று சொன்னதும் அவரேதான்.

திருச்சியிலிருந்து மெக்கானிக் வருவதாகப் பஸ் கண்டக்டர் மூலம் தகவல் வந்தது. வியாழக்கிழமை பன்னிரண்டு மணி பஸ்ஸில் வருவார், ஐந்து மணி பஸ்ஸில் போய்விடுவார், அந்த நாளை விட்டால் இன்னும் பத்து நாளைக்கு அவரைப் பிடிக்க முடியாது. எஞ்சினைக் கழற்றித் தூக்க உத்திரமும் சங்கிலியும் வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வசதி ரோட்டோரத்து நெல் மில்லில் மட்டும்தான் இருந்தது. கொல்லையிலிருந்து மில் ஒரு மைல்கூட இருக்காது. ஆனால் நடுவில் கண்மாய்க் கரை. வண்டிப்பாதை ஒரு பக்கம் கரைமேல் ஏறி, கரையோடு கொஞ்ச தூரம் போய், மறுபக்கம் ரோட்டை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. டிராக்டருக்கோ பிரேக் என்பது பெயருக்குத்தான் இருந்தது. வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் டிராக்டர் மில்லுக்குப் போனால் அந்த வருஷம் இன்னாசியம்மாளுக்குக் கடலை உண்டு. போகாவிட்டால் இல்லை. அவளை நம்பி மாட்டை விற்ற இன்னும் நாலைந்து பேருக்கும் இல்லை.

புதன்கிழமை பூராவும் சவரிநாதனுக்கு ஓய்வில்லை. காலையில் ரெங்கசாமியைப் பார்த்தார். மூன்று ஜோடி மாடு கொண்டுவந்து டிராக்டரை இழுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தவர் அவர்தான். "ரெங்கசாமி, ஏத்தத்துல மாடு கட்டு, வேண்டாங்கல. எறக்கத்துல கட்டிராதே. அம்புட்டுக் கனமும் வந்து மாட்டு மேல ஏறிடும். சொல்லிப்புட்டேன்" என்றார். மத்தியானம் இன்னாசியம்மாளைப் பார்த்தார். "ஏம்மா, எறக்கத்துல மாடு முன்னால நின்னாத்தான் வண்டி மட்டுப்படும். மாட்டை அவுக்க விட்டுராதே. கழி கிழி கட்டப்போறாங்களாம், முறிஞ்சா மாட்டு வயித்துல குத்திரும், கயிறுதான் நல்லது" என்றார். சாயங்காலம் பெரியண்ணனைப் பார்த்தார்.

பெரியண்ணன் யாரென்று சொல்லவேண்டும். மாதா தேரானாலும் மாரியம்மன் தேரானாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் அவர்தான். தேர் ஓடும்போது சக்கரத்தை ஒட்டி ஓடி, குரல் கேட்ட கணத்தில் முட்டுக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் கொடுத்து, அவ்வளவு பெரிய தேரைச் சந்தியில் நிறுத்துகிறவர். இரண்டு சாமிக்கும் பொதுவான மனிதர். அவரிடம் சவரிநாதன், "கயிறு மட்டும் கட்டினா எறக்கத்துல கயிறு தொவண்டுபோயி வண்டி முன்னால பாஞ்சிரும். நல்ல சவுக்குக் கழியாப் பாத்து மாட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல வச்சுக் கட்டு" என்றார். பிறகு வீட்டுக்குப் போய், உப்புச் சரியாக இருந்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். எது எப்படி நடந்தாலும் வியாழக்கிழமை சாயங்காலம் அவர் சொன்னபடிதான் நடந்திருக்கும்.

வியாழக்கிழமை காலையில்தான், அவர் வாழ்நாளில் கண்டிராத விபரீதம் ஒன்று நடந்தது. கொல்லையில் கூடியிருந்த இருபத்தைந்து பேருக்கும் நடுவில் நின்று இன்னாசியம்மாள் சொன்னாள்: "எல்லாரும் கேட்டுக்கங்க. இன்னைக்கு ஒரு நாளு மட்டும் சவரிநாதண்ணன் என்ன சொல்லியிருக்காரோ அதை அப்படியே செய்யுங்க. ஒண்ணையும் மாத்தாதீங்க. அப்புறம் அவரு வந்து சொல்றதைக் கேக்குறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

வாசகர்களே, இந்த இனத்துக்கு இதைவிடப் பெரிய துரோகத்தை நீங்கள் செய்ய முடியாது. இவருடைய எச்சரிக்கைகள் எல்லாமே யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சொல்லப்படுபவை. நீங்கள் கேட்காமல் விட்டால்தானே அவர் பிறகு வந்து சொல்ல முடியும்? கேட்டு நடந்துவிட்டால் அவர் கதி என்ன? சவரிநாதன், "அதுக்கென்ன, ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, வேலிப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டார்.

ஏற்றம் வரைக்கும் வம்பில்லை. முன் அச்சில் தாழ்வாகக் கயிற்றைக் கட்டி, மூன்று ஜோடி மாட்டையும் பூட்டி, பின்னால் பத்துப் பேர் தள்ளி, பெரியண்ணனும், தேரில் அவரோடு கட்டை போடும் மைக்கேல்சாமியும் பக்கத்துக்கு ஒருவராகப் பின் சக்கரங்களோடு கட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து, சக்கரம் அரை முழம் ஏறினால் அரை முழத்துக்குக் கட்டை போட்டு, ஒன்பதரை மணிக்கு டிராக்டரைக் கரை உச்சியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாகராசு ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தான். கீழே ரோடு தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மில்லின் தகரக் கூரையும் தெரிந்தது.

ரெங்கசாமி மாட்டையெல்லாம் அவிழ்த்தார். இறக்கத்தின் அடியில் இருந்த புளிய மரத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு மேலே வந்தார். பெரியண்ணன் முன் அச்சில் கிடந்த கயிற்றை எடுத்து எறிந்துவிட்டுச் சவுக்குக் கழியைத் தூக்கினார்.

"கழி எதுக்குண்ணே? கயிறுதானே கட்டச் சொன்னாரு?" என்றாள் இன்னாசியம்மாள்.

"யாரு சொன்னா? கழிதான் கட்டணும்னு சவரிநாதண்ணன் எங்கிட்ட நேத்துச் சொன்னாரு."

"என்கிட்ட கழி முறிஞ்சிரும்னாரே. மாட்டை ஏன் அவுத்தாங்க?"

"சவரிநாதண்ணன்தான் எறக்கத்துல மாடு கட்டாதேன்னாரு" என்றார் ரெங்கசாமி.

"மாட்டை அவுக்க விடாதேன்னு என்கிட்ட சொன்னாரே!"

கழியைத் தூக்கியவர் தூக்கியபடி நின்றார். வண்டியைப் பிடித்தவர்கள் பிடித்தபடி நின்றார்கள். மாடு கீழே நின்றது. டிராக்டர் மேலே நின்றது. இருபத்தைந்து தலைகளும் மெல்லத் திரும்பின. சவரிநாதன் பத்தடி தள்ளி ஒரு பனை மரத்தடியில், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கண்மாயில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டார் ரெங்கசாமி. "கயிறா கழியா? மாடு வேணுமா வேண்டாமா? ஒண்ணைச் சொல்லுங்க, செஞ்சிருவோம்."

ஒன்று! முப்பது வருஷத் தொழிலில் அவரிடம் யாரும் ஒன்றைக் கேட்டதில்லை. அதுவும் முன்னாலேயே, அதுவும் எல்லார் எதிரிலும். சவரிநாதன் தொண்டையைச் செருமினார். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அது பாருங்க, நெலமையப் பொறுத்து..." என்றார். எந்த நிலைமையைப் பொறுத்து என்று அவர் சொல்வதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார்.

பெரியண்ணன்தான் கழியைக் கீழே போட்டார். "அட, இதுக்குப் போயி யோசனை என்ன யோசனை? தேரு மேட்டுல இருந்து எறங்குறப்ப என்ன செய்யிறோம்? முன்னாடி எவனாவது இழுக்குறானா? முன்வடத்தைப் போட்டுட்டுப் பின்வடத்தைப் பிடிச்சுத் தொங்குறோம். ரெண்டு பக்கமும் கட்டை வச்சிருக்கோம். மேல ஒரு ஆளு நின்னு பாத்துக் குரல் குடுக்குறான். இதுவும் தேருதான்னு நெனச்சுக்கங்க. கயிறைப் பின்னால கட்டு!" என்றார். இத்தனை நேரமும் எல்லாரும் எப்படி முன்னால் இழுப்பது என்றே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இருபது பேர் பின்பக்கம் ஓடினார்கள். கயிற்றைக் கீழ்க்கொக்கியில் இரட்டை முடிச்சாகப் போட்டார்கள்.

இந்த இடத்தில் சவரிநாதன் பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார். முப்பது வருஷப் பழக்கம் விடுமா? கூட்டத்திலிருந்து சற்று விலகி நின்ற நாகராசுவிடம் போய், காதோடு காதாக, "ஒங்கிட்ட மட்டும் சொல்றேன். பின்கயிறு அறுந்துச்சுன்னா என்னாகும்னு யோசிச்சாங்களா?" என்றார்.

ஒடிந்த கை வலியில் இருந்த நாகராசுவுக்கு ரகசியம் காக்கும் பொறுமை இல்லை. "அக்கா! பின்கயிறும் அறுந்திருமாம்! அண்ணன் சொல்றாரு!" என்று கத்தினான்.

இன்னாசியம்மாள் வந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சவரிநாதனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அண்ணே, எம் புருஷன் காய்ச்சல்ல கெடந்தப்ப எங்கிட்ட என்ன சொன்னீங்க? நாட்டு மருந்தே போதும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலையாதேன்னு சொன்னீங்க. எங்கொழுந்தன்கிட்ட என்ன சொன்னீங்க? உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோடான்னு சொன்னீங்க. ரெண்டும் நீங்கதாண்ணே சொன்னீங்க. கல்லறைக்குப் போயிட்டு வந்து எங்க வாசல்ல ஒக்காந்தப்ப ஆஸ்பத்திரிக்குச் சொன்னதை மட்டும்தான் ஞாபகம் வச்சிருந்தீங்க. நான் எம் மூத்த மக மேல சாஞ்சுக்கிட்டு அதைக் கேட்டேன். அன்னைக்குச் செத்துப்போயிரலாம்னு இருந்துச்சு எனக்கு."

சவரிநாதனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் அதைச் சொன்னது ஞாபகம் இருந்தது. அதை ஒருத்தி உட்கார்ந்து கேட்டாள் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததே இல்லை.

"நாகராசுக்குக் கை இல்ல. கயிறு பிடிக்கிறவங்களை விட முடியாது. மேல ஒரு ஆளு வேணும். ஏறுங்கண்ணே" என்றாள்.

ஏறினார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த இரும்பு சீட்டில் உட்கார்ந்தார். நாகராசு கீழே நின்றபடி, "கியரு நியூட்ரல்ல இருக்கு, தொடாதீங்க. நேராப் பிடிங்க. இங்கிட்டுத் திரும்புனா கண்மாய் வாய்க்கா, அங்கிட்டுத் திரும்புனா கருவேலங்காடு. வேற ஒண்ணும் இல்ல" என்று தைரியம் சொன்னான்.

ஸ்டியரிங் என்பது ஒரு பொல்லாத சாமான். அதை ஒருவரிடம் இடப்பக்கமாகவும் மற்றொருவரிடம் வலப்பக்கமாகவும் திருப்பிக் காட்ட முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திரும்பும். திருப்பியது ஊருக்கே தெரியும். சவரிநாதன் அதை இரண்டு கைகளாலும் பிடித்தார். அவர் கைகள் இரண்டும் பின்னாலிருந்து முன்னால் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

பெரியண்ணன் கட்டையை எடுத்தார். "அண்ணே, நான் சக்கரத்தை மட்டுந்தான் பாப்பேன். முன்னால என்ன, பின்னால என்னன்னு எனக்குத் தெரியாது. நீங்க குரல் குடுத்தாத்தான் கட்டை. குரல் இல்லாம கட்டை இல்ல" என்றார். தேர்க் கட்டைக்காரர்களின் சட்டம் அது. குனிந்து ஓடுகிறவனுக்கு மேலே நிற்பவனின் கண்தான் கண்.

டிராக்டர் நகர்ந்தது. பாதித் தூரம் பூப்போல இறங்கியது. பின்னால் இருபது பேரும் குதிகாலை ஊன்றிப் பின்பக்கமாகச் சாய்ந்து, ஒரு முழம் ஒரு முழமாகக் கயிற்றை விட்டார்கள். பாதிக்கு மேல் பாதை மழையில் ஊறிய களிமண். முதலில் மூன்று பேர் கால் வழுக்கி உட்கார்ந்தார்கள். அவர்கள் மேல் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். கயிறு அறுபடவில்லை. பிடித்தவர்கள்தான் கயிற்றோடு சேர்ந்து இழுபட்டு வந்தார்கள். டிராக்டருக்கு வேகம் வந்தது.

மேலேயிருந்து சவரிநாதன் எல்லாவற்றையும் பார்த்தார். கீழே புளிய மரத்தில் ஆறு மாடுகள் கட்டிக்கிடப்பதைப் பார்த்தார். ரெங்கசாமி ஓடிப்போய் முடிச்சை அவிழ்க்க முடியாமல் தவிப்பதைப் பார்த்தார். பின்னால் இருபது பேர் சேற்றில் வருவதைப் பார்த்தார். சக்கரத்தோடு பெரியண்ணன் குனிந்த தலை நிமிராமல் ஓடுவதைப் பார்த்தார். இப்போது கட்டை போட்டால் வண்டி குப்புறக் கவிழலாம். போடாவிட்டால் மாட்டின் மேல் ஏறலாம். அவருடைய தலைக்குள் வழக்கம்போல இரண்டு வாக்கியங்களும் தயாராகிவிட்டன: "கட்டை போடாதேன்னு நான் அப்பவே சொன்னேன்", "கட்டையைப் போடுன்னு நான் அப்பவே சொன்னேன்". இரண்டும் நல்ல வாக்கியங்கள். சாயங்காலத்துக்கு ஏற்ற வாக்கியங்கள். ஆனால் அந்தச் சாயங்காலத்துக்கு அவர் போய்ச் சேரவேண்டுமே?

"கட்டை!" என்று ஒரு சத்தம் கேட்டது. "பெரியண்ணா, போடு கட்டையை! மைக்கேலு, போடு!"

தம்முடைய குரல்தான் அது என்பது அவருக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் கட்டை விழுந்தது. டிராக்டர் கட்டையை அரைத்துக்கொண்டு ஒரு முழம் போயிற்று, பின்பக்கம் ஒரு தடவை தூக்கிப் போட்டது, சவரிநாதனின் மார்பு ஸ்டியரிங்கில் மோதியது, நின்றது. முதல் மாட்டுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கலாம். அவ்வளவுதான் இடைவெளி.

பிறகு இருபது பேரும் சேற்றோடு எழுந்து ஒரே சமயத்தில் பேசினார்கள். பெரியண்ணன் கட்டையின் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "ரெண்டு எட்டு முந்தியும் இல்ல, ரெண்டு எட்டுப் பிந்தியும் இல்ல. தேருல நிக்கிற ஆளுகூட இம்புட்டு அளவாக் குரல் குடுக்கமாட்டான்ணே" என்றார். இன்னாசியம்மாள் இறங்கி ஓடிவந்தாள். டிராக்டரின் சூடேறாத எஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "நல்லா இருப்பீங்கண்ணே. நீங்க ஒரு வார்த்தை சொன்னதுல எம் பொழைப்பு தப்பிச்சுச்சு" என்றாள்.

மனசாரச் சொன்னாள். இருபத்தைந்து சாட்சி. எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். சவரிநாதன் சீட்டை விட்டு இறங்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவரைப் பார்த்து ஒருவர் நன்றி சொல்லி எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மாடுகளைப் பூட்டி, இப்போது சமதரை ஆனதால் கயிற்றையே கட்டி, பதினொன்றரை மணிக்கு மில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சொன்ன பஸ்ஸில் மெக்கானிக் வந்தார். எஞ்சினைத் தூக்கினார்கள், பிரித்தார்கள், மாட்டினார்கள். நாலரை மணிக்கு மில் வாசலில் ஒரு கறுப்புப் புகை எழுந்தது. மறுநாள் காலையில் உழவு; நாகராசு கை கூடும்வரை ஓட்ட மில்லிலிருந்து ஓர் ஆளையும் பேசியாயிற்று. ஈரம் இன்னும் ஒரு நாளைக்குப் பாக்கி இருந்தது.

இவ்வளவு நடந்த பிறகு சவரிநாதன் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? நினைப்பீர்கள். நல்லவர்கள்.

ஐந்து மணி பஸ்ஸுக்காக மில் பக்கத்து டீக்கடையில் நாலு வெளியூர்க்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சவரிநாதன் கையில் டீக் கிளாசோடு அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எறக்கத்துல வண்டி பாயும், ரெண்டு பக்கமும் கட்டையோட ஆளு நிக்கணும்னு நான் நேத்தே சொன்னேன். எவனாச்சும் காதுல போட்டுக்கிட்டானா?"

ரெங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நேத்து எங்க சொன்னீங்க? இன்னைக்குல்ல சொன்னீங்க! சரியான நேரத்துல சொன்னீங்க! எம் மாடு ஆறும் ஒங்களாலதான் உசுரோட நிக்குது!"

"இன்னைக்குச் சொன்னது என்ன பெரிய சமாசாரம்?" என்றார் சவரிநாதன், உண்மையான கோபத்தோடு. "கண்ணு முன்னால வண்டி ஓடுறப்ப எந்தக் கழுதையும்தான் கத்தும். நான் நேத்தே சொன்னேன். ஒங்கிட்டயே சொன்னேன், மறந்துட்டே."

பஸ் வருகிற வரைக்கும் வாதாடினார். வாழ்நாளில் அவர் செய்த ஒரே நல்ல காரியத்தை அவர் செய்யவில்லை என்று நிரூபிக்க, ரெங்கசாமியோடும் பெரியண்ணனோடும் மல்லுக்கு நின்றார். இருபத்தைந்து பேர் காதாரக் கேட்ட ஒரு வார்த்தையை அடித்துவிட்டு, யாருமே கேட்காத ஒரு வார்த்தையை அந்த இடத்தில் வைத்தார். எல்லாருக்கும் டீ சொல்ல வந்த இன்னாசியம்மாள் வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டாள். காலையில் இருந்த கோபம் அவள் முகத்தில் இல்லை. பரிதாபம்தான் இருந்தது. "சரிண்ணே, நேத்தே சொன்னீங்க. டீ ஆறிப்போகுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு, காலையில் அவருக்கு மனசாரக் கொடுத்ததைச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் ஜெயித்துவிட்ட திருப்தியில் டீயைக் குடித்தார்.

சவரிநாதனை நினைத்து நீங்கள் சிரிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்று. இந்த நேரத்தில் உங்கள் வீட்டிலோ, உங்கள் ஆபீசிலோ, உங்களுக்கு வேண்டிய ஒருவர் ஏதோ ஒன்றைத் தப்பாகச் செய்யக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரிகிறது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு உரக்கச் சொல்லவும் இல்லை, சொல்லவே இல்லை என்று பெயர் வரும்படி விடவும் இல்லை. போகிற போக்கில், பாதிக் குரலில், ஒரு வார்த்தை போட்டுவைத்திருக்கிறீர்கள். இல்லையா? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், அவர் விழக்கூடாது என்றுதானே அதைச் சொன்னீர்கள்? அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது, எழுந்து போய் உரக்கச் சொல்லுங்கள். ஏன், உட்கார்ந்தே இருக்கிறீர்களே?